என் பாவாடையில் நிற்கும் மகள்

1

இங்கே என்னை எல்லோரும் ‘ஃபிராவ் மாணிக்கம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருமதி மாணிக்கம் என்று அர்த்தம். மாணிக்கம் என் கணவர் இல்லை, அப்பா. முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஏஜெண்ட் சொன்னார். அப்பா பெயரை எழுதிவிட்டேன். இருபத்து மூன்று வருடங்களாகப் பல் டாக்டரிடமும் வங்கியிலும் மகளின் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயர் காதில் விழுந்தால்தான் எழுந்து நிற்கிறேன். ஆம்பூரில் தோல் கம்பெனியில், தோலைப் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டிய மனிதரின் பெயர் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஒரு பழைய ஊரில் தினமும் ஒலிக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, “நம்ம பேர ஒழுங்கா சொல்றானுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா போன வருடம் தை மாதத்தில் இறந்தார். காலையில் டீ குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். உயில் எழுதவில்லை. கடிதம்கூட எழுதாத மனிதர் உயில் எங்கே எழுதப் போகிறார்? எழுதாமல் போனதால் எங்கள் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்புகள். ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், வெளிநாட்டில் பெண்ணோ பிள்ளையோ இருந்தால், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சந்தேகப் பேர்வழி. எனக்குச் சம்பளமே அதற்குத்தான். செருப்புக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் தோல் வந்து இறங்கும். கூடவே, இதில் கெடுதலான ரசாயனம் எதுவும் இல்லை என்று முத்திரை குத்திய சான்றிதழும் வரும். சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, தோலில் ஒரு துண்டு வெட்டி நானே சோதித்துப் பார்ப்பேன். தாளை நம்பாமல் இருப்பதுதான் என் தொழில்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். மூன்றாவது படிக்கும்போது என் வகுப்பில் ஒரு பெண் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தாள். கரையில் நூல் பிரிந்து, அம்மா கறுப்பு நூலால் தைத்த இடம் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பாடம் நடக்கும்போதே எழுந்து நின்று, “டீச்சர், அது என் பாவாடை. எங்க வீட்டுது” என்று சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் பெயர் எனக்கு மறந்துவிட்டது. ஆனால் இந்தக் கதையை ‘நான் எவ்வளவு உஷாரானவள் பார்’ என்ற பெருமையோடு இங்கே என் மகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மகள் பெயர் நிலா, பதினாறு வயது. ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பொதுவாகவே தன் விஷயங்களை அவள் அவளுடைய அப்பாவிடம்தான் சொல்வாள்.

2

அப்பா போய் எட்டு மாதம் கழித்துத் தம்பி பாபு போன் செய்தான். வீடு அப்பா பெயரில் இருக்கிறது, அம்மா பெயருக்குப் பட்டா மாற்ற வேண்டும், அதற்கு முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். இ-சேவை மையத்தில் மனு போட்டால் வி.ஏ.ஓ. விசாரிப்பார், மேலே போகும், கடைசியில் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். உயில் இல்லாமல் செத்தால் வாரிசு யார் என்பதைத் தாசில்தார் சொல்ல வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் சொன்னால் போதாது.

“நீ வர வேணாம்க்கா. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்” என்றான் பாபு.

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். தம்பி ‘நான் பார்த்துக்கறேன்’ என்று சொன்ன எத்தனை வீடுகளில் அக்கா பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கூடப் படித்த ஒருத்தியைக் கல்யாண விருந்துக்கு என்று கூப்பிட்டு, பந்தி முடிந்த கையோடு கையெழுத்து வாங்கிய கதை அணைக்கட்டு என்ற பக்கத்து ஊரில் நடந்தது. பாபு அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால், இல்லை என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்?

“மனுவ அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. எல்லாப் பக்கமும்” என்றேன்.

அனுப்பினான். என் பெயர் இருந்தது. ஆனால் கூட வைத்த ரேஷன் கார்டில் அப்பா, அம்மா, பாபு, அவன் மனைவி, பிள்ளைகள் மட்டும்தான். என் பெயரை எடுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் இந்தியக் குடிமகளும் இல்லை. அப்படியானால் நான் மாணிக்கத்தின் மகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? நாளைக்கே ஒரு ஆபீசர், ‘யாரோ ஜெர்மன்காரி’ என்று அடித்துவிட்டால்?

“கம்பெனி பைல்ல அப்பா குடும்ப விவரம் குடுத்திருப்பாரே. மெடிக்கல் கார்டுக்கு. அதுல என் பேரு இருக்கும். அத வாங்கி வை” என்றேன்.

பாபு அவசரமாக மறுத்தான்.

“அது வேணாம்க்கா. உன் ஸ்கூல் சர்டிபிகேட் போதும்.”

“ஏன் வேணாம்?”

“பழைய பைலு. அதுல போட்டோலாம் நல்லா இருக்காது.”

போட்டோவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவனை விடவில்லை. மூன்று வாரம் நச்சரித்து, அந்தப் பைலைக் கொண்டு வராவிட்டால் நானே வக்கீல் வைப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லி, அந்தக் காகிதத்தை வாங்க வைத்தேன். அவனுக்குத் தெரியாமல் கம்பெனி ஆபீசுக்கு நானும் ஒரு மெயில் போட்டு வைத்திருந்தேன். தம்பியைச் சோதிக்க ஒரு துண்டு வெட்டியது மாதிரி.

3

நான் சொன்னபடி பாபு அந்தக் காகிதத்தை மனுவோடு சேர்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை என் போனுக்கும் அனுப்பினான். நிலாவும் நானும் காலைச் சாப்பாட்டில் இருந்தோம். தொழிலாளி பெயர் மாணிக்கம். மனைவி, மகள் கலாவதி வயது ஒன்பது, மகன் பாபு வயது நான்கு. எல்லாம் சரி. என் பெயரைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. அதற்கு மேலே ஓரத்தில் கம்பெனி சீல் குத்திய ஒரு குடும்பப் போட்டோ.

“அம்மா, இது யாரு?” என்றாள் நிலா.

“நான்தான்” என்று சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன்.

அது நான் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பாபு அம்மா மடியில். அப்பாவின் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். இரட்டைப் பின்னல், பூ, பெரிய பொட்டு. சீல் மை நெற்றியிலும் கண்ணிலும் பரவியிருந்தது. என் இடது கன்னத்தில் நாவல் பழம் அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. அதற்காகவே பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெண்ணின் கன்னம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அப்பாவின் கை அவள் தோளில் இருந்தது.

அவள் கட்டியிருந்தது என் பாவாடை. மாங்காய்க் கரை போட்ட தீபாவளிப் பாவாடை.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கணியம்பாடியில் இருந்த சித்தி வீட்டுக்கு, திருவிழாவும் இல்லாமல் லீவும் இல்லாமல், திடீரென்று என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்தபோது பாபு, “போட்டோ எடுத்தோமே!” என்று உளறினான். நான் அழுது ஊரைக் கூட்டினேன். அப்பா எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தார். அந்தப் போட்டோவை வீட்டில் யாரும் மாட்டவில்லை. நான் பார்த்ததும் இல்லை.

நிலா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “தாத்தாவுக்கு இன்னொரு பேபி இருந்ததா?” என்று கேட்டாள். அவளுடைய தமிழில் எல்லாக் குழந்தைகளும் பேபிதான். நான் ரொட்டித் துண்டைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

4

அம்மாவுக்குப் போன் செய்தேன். போட்டோவில் இருப்பது யார் என்று நேராகக் கேட்டேன்.

“எந்தப் போட்டோ?”

“நீ உக்காந்துட்டு இருக்கிற போட்டோ.”

“அதுவா... போட்டோக்காரன் தப்பா எடுத்துட்டான்டி.”

என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொள்ள நன்றாக வரும். “பழசெல்லாம் எதுக்கு இப்போ? அத எடுத்து வெளிய போட்டா என் பென்ஷன நிறுத்திடுவாங்க. எவ்ளோ பேஜார் தெரியுமா? வேற எதுனா பேசு” என்று சொல்லிவிட்டாள். பாபு நான் கூப்பிட்டால் எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

அடுத்த வாரம் வி.ஏ.ஓ. என்னை வீடியோ காலில் விசாரித்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பையன், மரியாதையாகத்தான் பேசினார். முதலில் அப்பாவைப் பெற்ற ஆயா இறந்துவிட்டதற்கு அத்தாட்சி கேட்டார். பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசாம். இருந்திருந்தால் ஆயாவுக்கு நூற்றுப் பத்து வயது ஆகியிருக்கும் என்றேன். “இருக்கட்டும் மேடம், தெருவுல ரெண்டு பேரு எழுதிக் குடுக்கணும்” என்றார். பிறகு என் பள்ளிச் சான்றிதழை எடுத்தார். அங்க அடையாளம்: இடது கன்னத்தில் பெரிய மச்சம். என்னைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார்.

“மேடம், கொஞ்சம் லெப்ட் சைடு திரும்புங்க.”

திரும்பினேன். நாற்பத்தெட்டு வயதில், சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில், அப்பாவின் மகள் என்று நிரூபிக்கக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

“நீங்க சொல்றது நெஜம்தான் மேடம், நீங்க கலாவதிதான். ஆனா அப்போ இந்தப் பொண்ணு யாரு? உங்க அப்பாவுக்கு ரெண்டு பொண்ணா? ஒரு வாரிச விட்டுட்டு நான் ரிப்போர்ட் குடுத்தா நாளைக்கு என் வேலை போய்டும். நீங்களா குடுத்த டாக்குமெண்ட் மேடம் இது. நான் கேக்கவே இல்ல.”

பைல் நின்றுவிட்டது. அம்மாவின் வீட்டை அம்மா பெயருக்கு மாற்ற முடியாமல் நிறுத்தியது பாபு இல்லை, நான்தான்.

இதை வேலை இடத்தில் கூட இருப்பவரிடம் சொன்னேன். வயதான ஜெர்மன்காரர். இங்கே யாராவது உயில் இல்லாமல் அனாதையாகச் செத்தால் வாரிசைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்களாம். அவருக்கே ஒரு நாள், பெயர்கூடக் கேள்விப்படாத மாமா ஒருவருக்கு நீங்கள் வாரிசு என்று கடிதம் வந்ததாம். “உன் அப்பாவுக்கும் ஒரு மகள் கிடைத்தால் சந்தோஷப்படேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

அதன் பிறகு அப்பாவை நான் சோதிக்க ஆரம்பித்தேன். செத்துப்போன மனிதரைச் சோதிப்பது சுலபம், எதிர்த்துப் பேச மாட்டார்.

பாபுவுக்குக் காய்ச்சல் வந்தால் மெடிக்கல் கார்டை எடுத்துக்கொண்டு கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் பஜாரில் இருந்த பாய் டாக்டரிடம், கைக்காசு கொடுத்து. பெண் பிள்ளை மேல் ஜாஸ்தி பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார்டில் வேறு ஒருத்தியின் முகம் இருந்ததால்தான் என்னைக் கூட்டிப் போகவில்லை என்று இப்போது தெரிந்தது.

அப்புறம் வியாழக்கிழமைகள். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வியாழக்கிழமை, அப்பா சம்பளத்தை விட்டு லீவு போடுவார். அம்மா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தருவாள். “வேலூருக்குக் கம்பெனி வேலையா போறேன்” என்பார். டிரம் ஓட்டுகிறவருக்கு வேலூரில் என்ன கம்பெனி வேலை? பொழுது சாயும் நேரத்துக்கு வருவார். எங்களுக்குப் பிஸ்கட் பொட்டலம் இருக்கும். நானும் வரேன் என்று ஒரு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். அப்பா என்னை அடித்ததே இல்லை, அன்றைக்கு மட்டும் கையை ஓங்கினார்.

எல்லாம் கணக்காகப் பொருந்தியது. வேலூரில் ஒரு குடும்பம். அந்தப் பெண்ணுக்கும் என் வயது. அவளுக்கு என் பெயர், என் பாவாடை, என் கார்டு. அம்மாவுக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு சட்டை தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். பாபுவுக்கும் தெரியும். தினமும் அவர் பெயருக்கு எழுந்து நிற்கிறவள் நான், அவர் கை இருந்ததோ வேறு ஒருத்தியின் தோளில். அவரோடு சேர்ந்து நிற்கிற போட்டோ எனக்கு ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வருஷத் திதிக்கு டிக்கெட் போட்டேன். “நீ போலீஸ் மாதிரி போற” என்றாள் நிலா.

6

திதி அன்று வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். பந்தி நடக்கும்போது வாசல் பக்கம் கறுப்பு புர்கா போட்ட ஒரு அம்மாள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். என் வயது இருக்கும். அம்மா சொந்தக்காரர்களை எல்லாம் தாண்டிப் போய் அவளுக்கு முதலில் இலை போட்டாள். என் கண் அங்கேயே போனது.

“யாருடா அது?” என்று பாபுவைக் கேட்டேன்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க. ஷூ கம்பெனில வேலை பண்றாங்க” என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.

இரண்டு நாள் கழித்து வி.ஏ.ஓ. ஆபீசில் விசாரணை. பெஞ்சில் நான், பாபு, அம்மா. தெருக்காரர்கள் இரண்டு பேர் ஆயா இறந்ததற்குக் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள். வி.ஏ.ஓ. போட்டோவை மேஜையில் வைத்து, “இன்னா முடிவு பண்ணீங்க? யாருன்னு சொன்னாதான் இந்தப் பைலு நகரும். இல்லன்னா நிராகரிச்சு அனுப்பிடுவேன்” என்றார். அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

அப்போது அந்த புர்காக்காரி உள்ளே வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர். அம்மா பதறி எழுந்தாள். “நீ ஏன்டி வந்த? உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“பாபு சொன்னான் அத்தே” என்று சொல்லிவிட்டு அவள் வி.ஏ.ஓ.வைப் பார்த்தாள். “சார், அந்தப் போட்டோல இருக்கிறது நான். என் பேரு பர்வீன்.”

வி.ஏ.ஓ. பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ நீங்க மாணிக்கத்தோட...”

“இல்ல சார். எங்கப்பா ரஷீத். மாமாவோட தோஸ்து. அதே கம்பெனில தினக்கூலி, ஆபீஸ் ரெஜிஸ்டர்ல பேரு இல்ல, அதனால மெடிக்கல் கார்டும் இல்ல. எனக்கு ஒம்பது வயசுல நெஞ்சுல வால்வு சுருங்கிப் போச்சு. நாலு படி ஏறினா மூச்சு நின்னுடும். ஆபரேஷன் பண்ணலன்னா ஒரு வருஷம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாமா எங்கப்பாகிட்ட வந்து, ‘என் கார்டு இருக்குது, செலவ கம்பெனி பார்த்துக்கும், என் பொண்ணுக்கும் இதே வயசுதான், நீ கம்முனு இரு’ன்னு சொன்னாரு. அத்தே எனக்குப் பொட்டு வெச்சு, பின்னல் போட்டு, பாவாடை கட்டிவிட்டு ஸ்டூடியோவுக்குக் கூட்டினு போனாங்க.”

கவரிலிருந்து ஒரு பழுப்பு அட்டையை எடுத்து நீட்டினாள். வேலூர் ஆஸ்பத்திரி அட்டை. கலாவதி, தகப்பனார் பெயர் மாணிக்கம். ஓரமெல்லாம் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

“செக்கப்புக்கு மாமாதான் கூட்டினு போவாரு. அப்பான்னு கையெழுத்துப் போடணும் இல்ல? எனக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் வந்தாரு. இன்னைக்கும் என் பைலு அந்தப் பேர்லதான் சார் இருக்குது. கலாவதின்னு கூப்பிட்டா எழுந்து போவேன்.”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தேன். அதில் வியாழக்கிழமைத் தேதிகள் வரிசையாக இருந்தன.

“இத எழுதிக் குடுத்தா உங்களுக்கு எதுனா பிரச்சினை வரலாம்மா. தெரியும் இல்ல?” என்றார் வி.ஏ.ஓ.

“வந்தா வரட்டும் சார். மாமாவோட பொண்ணு பேரு லிஸ்ட்ல நிக்காம போச்சுன்னா அது என்னாலதான?”

வி.ஏ.ஓ. அட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். “ஆஸ்பத்திரி கத எனக்குத் தேவையில்ல. அது என் ரெஜிஸ்டர்ல வராது. ‘போட்டோவில் இருப்பது நான். மாணிக்கம் என் தந்தை அல்ல. எனக்கு வாரிசு உரிமை இல்லை.’ இத மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பர்வீன் எழுத ஆரம்பித்தாள். முதல் வரியை எழுதிவிட்டு நிறுத்தினாள்.

“சார், நடுவுல இருக்கிற வரிய எழுதித்தான் ஆகணுமா? வாரிசு இல்லன்னு மட்டும் எழுதிக் குடுக்கறேனே.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அழுதுகொண்டிருந்தாள். “சரி, ‘என் தந்தை பெயர் ரஷீத்’னு எழுதுங்க. போதும்” என்றார்.

வெளியே வந்தோம். நாலு மாதமாக ஒரு குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தவள், ஆபரேஷன் தழும்போடு நிற்கிற ஒருத்தியின் முன்னால் நின்றேன். நான்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். அவள் பேசினாள்.

“மாங்காக் கரை பாவாடைய அன்னைக்கே அவுத்துத் துவைச்சுக் குடுத்துட்டேன் கலா” என்று சிரித்தாள். “நீல பாவாடை மாதிரி ஆவக் கூடாதுன்னு.”

முதலில் புரியவில்லை. பிறகு கறுப்பு நூலால் தைத்த கரை ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்த வகுப்பு ஞாபகம் வந்தது. பெயர் மறந்துவிட்டது என்று இந்தக் குறிப்பின் தொடக்கத்தில் எழுதினேனே, அந்தப் பெயர் பர்வீன்.

7

சான்றிதழ் நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தது. இ-சேவை மையத்தில் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு தாள். மனைவி, மகள், மகன், மூன்று பேர். பாபுவிடம் மன்னிப்புக் கேட்டேன். “வுடுக்கா” என்று சொல்லிவிட்டு என் பெட்டியை எடை போடப் போனான். அவனும் நான் கேட்டதை நம்பவில்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. என் புத்தி அப்படி.

அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் எடுத்துப் போக. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“ரேஷன் கார்டுல ஒரே ஒரு பொண்ணுன்னு இருந்துச்சு, அதனால என் பேர்லதான் பண்ண முடிஞ்சிது. அது புரியுது. யாருக்கெல்லாம் தெரியும்மா?”

“தெருவுக்கே தெரியும். டிஸ்பென்சரி கம்பவுண்டருக்கும் தெரியும். யாரும் வாயத் தொறக்கல.”

“பாபுக்கு?”

“அவன் போட்டோல இருக்கறானே. விவரம் தெரிஞ்சப்புறம் நாங்களே சொல்லிட்டோம்.”

“எனக்கு ஏன் சொல்லல? எனக்கு மட்டும்?”

அம்மா புளிக்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“நான் சொல்லிடலாம்னுதான்டி சொன்னேன். அப்பாதான் வேணாம்னுட்டாரு. ‘அவகிட்ட மட்டும் மூச்சு வுடாத. அது என் பேருன்னு எழுந்து நின்னு சொல்லிடுவா. அந்தப் புள்ள செத்துப் போய்டும்’னாரு.”

“அப்போ சரிம்மா. அப்புறம்? நான் பெரியவளா ஆனப்புறம்?”

“நீ மொதல்ல ஜெர்மனிக்குப் போறப்போ ஒரு தடவ கேட்டேன், இப்போ சொல்லிடலாமான்னு. ‘அவ இன்னும் அப்படியேதான் இருக்கறா’ன்னாரு.”

நாலு மாதம் நான் தம்பியைச் சந்தேகப்பட்டேன், அம்மாவைச் சந்தேகப்பட்டேன், செத்த மனிதரை விடவில்லை. அவர் என்மேல் வைத்திருந்தது ஒரே ஒரு சந்தேகம். நாற்பது வருடம் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டாமல் வைத்திருந்தார். அது சரியாக இருந்தது.

மாணிக்கத்தின் மகள் கலாவதி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட தாள் என் மடியில் இருந்தது. அம்மா புளிக்கையோடு அதைத் தொட வந்தாள். கறை படும் என்று சொல்லத் தோன்றியது. சொல்லாமல் கொடுத்தேன்.